சிறிய பவளத் தொட்டியில் செம்பாசி வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசைமேல் வைக்கக்கூடிய 30 முதல் 60 லிட்டர் வரையிலான கடல்நீர்த் தொட்டிகளில் அழகுக்காகச் செம்பாசி வளர்ப்போரும், வளர்க்க எண்ணுவோரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. கீழே வரும் கணக்குகள் எல்லாம் 40 லிட்டர் நீருக்கு உரியவை. பாறையும் மணலும் பிடித்துக்கொள்ளும் இடத்தைக் கழித்துவிட்டு உண்மையான நீரின் அளவைக் கொண்டு அவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மணல்மேல் படரும் சிவப்புச் சளிப்படலமும் செம்பாசியும் ஒன்றா?

ஒன்றல்ல. ஓரிரு நாளில் மணலை மூடிவிடும் அந்தப் படலம் சயனோபாக்டீரியா என்னும், ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர். செம்பாசியோ ரோடோஃபைட்டா என்னும் பிரிவைச் சேர்ந்த கடற்பாசி. உலகில் 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள் அதில் அடங்கும். ஆயினும் இரண்டும் முற்றிலும் உறவற்றவை என்று சொல்ல முடியாது. செம்பாசியின் பசுங்கணிகம் (ஒளியைக் கொண்டு உணவு ஆக்கும் செல்லுறுப்பு) பழங்காலச் சயனோபாக்டீரியாவிலிருந்து வந்தது என்பதால், ஃபைகோஎரித்ரின் என்னும் சிவப்பு நிறமி இரண்டிலும் காணப்படுகிறது. அந்த நிறமி, தண்ணீருக்குள் ஆழமாக இறங்கும் நீலப்பச்சை ஒளியையும் பச்சை ஒளியையும் பிடித்துத் தருகிறது. செம்பாசியிலும் பச்சையம் உண்டு. சிவப்பு அதை மறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. இதை நினைவில் வைத்துக்கொண்டால், பாசியின் நிறம் மாறும்போது என்ன நடக்கிறது என்று புரியும்.

நோன்புக் காலத்தில் பல வீடுகளில் செய்யும் கடற்பாசி இனிப்பின் அடிப்படையான அகர்அகர், இந்தச் செம்பாசிகள் சிலவற்றின் செல்சுவரிலிருந்து எடுக்கப்படுவதுதான். ஆகவே இவை நமக்குப் புதியவை அல்ல. அழகுக்காகத் தொட்டியில் வளர்ப்பதுதான் புதிது.

சிறிய தொட்டிக்கு எந்த இனங்கள் பொருந்தும்?

முதன்முறை வளர்ப்பவருக்கு நான் கிராசிலேரியாவையே சொல்வேன். உப்புத்தன்மையும் வெப்பமும் சற்று ஏறி இறங்கினாலும் தாங்கும், வெட்டினால் தழைக்கும், பசித்தால் நிறத்தில் உடனே காட்டிவிடும். கடினமான இனத்தில் தொடங்கி அது கரைந்துபோனதும் மனம் விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கிராசிலேரியாவை ஆறு மாதம் சிவப்பாக வைத்திருக்கக் கற்றுக்கொண்டவருக்கு மற்றவை பெரும்பாலும் வசப்படும்.

அடுத்து ரெட் கிரேப் என்று விற்கப்படும் போட்ரியோகிளேடியா. அந்தப் பெயரே கிரேக்க மொழியில் திராட்சைக் கிளை என்று பொருள்படும். அதன் சிறு உருண்டைகளுக்குள் இருப்பது காற்று என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அவை வழவழப்பான கூழ் நிறைந்தவை. மெதுவாக வளரும், மிதமான ஒளியே போதும், 40 லிட்டர் தொட்டியின் அளவுக்கு மீறாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

டிராகன்ஸ் ப்ரெத் முதலிய பெயர்களில் கிடைக்கும் ஹாலிமீனியா, ஆரஞ்சும் சிவப்பும் கலந்த தீக்கொழுந்துபோல் இருக்கும். கண்ணைக் கவர்வதில் இதற்கு இணையில்லை. ஆனால் உடல் மெல்லிய கூழ்த்தன்மை உடையது என்பதால் திடீர் மாற்றங்களில் முதலில் கரைவதும் இதுவே. ஹிப்னியாவின் சில வகைகள் நீலப் பளபளப்போடு இருக்கும். அந்த நீலம் நிறமியால் வருவதன்று, ஒளி மேற்புற அமைப்பில் பட்டுத் திரும்புவதால் தோன்றுவது. அதனால் பார்க்கும் கோணம் மாறினால் அதுவும் மாறும்.

வாங்கியபோது இரத்தச் சிவப்பாக இருந்த பாசி சில வாரங்களில் வைக்கோல் நிறமாகிவிட்டது. ஒளி போதவில்லையா?

பெரும்பாலும் இல்லை, பாசி பசித்திருக்கிறது. என்னிடம் காட்டப்படும் வெளுத்த செம்பாசிகளில் மிகுதியானவற்றுக்குக் காரணம் இதுதான். ஆனால் விளக்கின் குறை என்று எண்ணி ஒளியைக் கூட்டிவிடுவதே வழக்கமாக இருக்கிறது. அது நோயை இன்னும் முற்றச் செய்கிறது.

ஃபைகோஎரித்ரின் ஒரு புரதம். புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். நைட்ரஜன் நிறையக் கிடைக்கும் நாளில் பாசி இந்த நிறமியை மிகுதியாக உண்டாக்கிச் சேமிப்புக் கிடங்குபோல் வைத்துக்கொள்கிறது. பஞ்சம் வந்தால் அதையே உடைத்துத் தின்று வளர்கிறது. ஆகவே வெளுத்த கிராசிலேரியா சில காலம் வளர்ந்துகொண்டும் இருக்கும். வளர்கிறதே என்று நாம் ஏமாந்துபோவது அந்த நாட்களில்தான். ஒளியைக் கூட்டினால் வளர்ச்சியின் வேகமும் அதோடு பசியும் கூடுகின்றன. கிடங்கு விரைவில் காலியாகிறது.

சிறிய பவளத் தொட்டிகளைப் பராமரிக்க நாம் கற்றுக்கொண்ட பழக்கங்கள் எல்லாம் நைட்ரஜன் தரும் நைட்ரேட்டையும் பாஸ்பரஸ் தரும் பாஸ்பேட்டையும் நீரிலிருந்து அகற்றுவதை நோக்கியவை. நுரைவழியாகக் கழிவை நீக்கும் ஸ்கிம்மர், பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகள்கள், வாராவாரம் பெருமளவு நீர்மாற்றம், மீனுக்கு அளந்து அளந்து உணவு என்று எல்லாவற்றையும் செய்துவிட்டு, அந்த வெறும் நீரில் செம்பாசி சிவப்பாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது. செம்பாசித் தொட்டியில் டெஸ்ட் கிட் பூஜ்யம் காட்டினால் அதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிறமாற்றத்தை வகை பிரித்துப் பார்க்கவும் பழக வேண்டும். செடி முழுவதும் சீராக வெளுத்தால் அது பசி. விளக்கை நோக்கிய நுனிகள் மட்டும் வெளுத்து, நிழலில் உள்ள அடிப்பகுதி சிவப்பாகவே இருந்தால் அது ஒளியின் மிகுதி. திட்டுத்திட்டாக ஆரஞ்சோ பச்சையோ தோன்றி, தொட்டால் நைந்துபோனால் அந்தப் பகுதி இறந்துகொண்டிருக்கிறது. சிவப்பு நிறமி நீரில் கரைந்துபோக, கீழே இருந்த பச்சையம் வெளியே தெரிகிறது. பார்சலில் வந்த பையின் நீர் இளஞ்சிவப்பாக இருந்தாலும் காரணம் இதுவே.

அப்படியானால் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் எந்த அளவில் வைப்பது? எப்படிக் கொடுப்பது?

நைட்ரேட் 5 முதல் 15 பி.பி.எம். (ஒரு பி.பி.எம். என்பது ஏறக்குறைய லிட்டருக்கு ஒரு மில்லி கிராம்), பாஸ்பேட் 0.05 முதல் 0.15 பி.பி.எம். என்பது பாசிக்கும் மென்பவளங்களுக்கும் ஒத்துப்போகும் நிலை. மீன்கள் இரண்டு மூன்று இருந்து தாராளமாக உணவும் இட்டால் பாஸ்பேட் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். பற்றாக்குறை வருவது நைட்ரேட்டுக்குத்தான். இதற்கு ஒரு காரணம் உண்டு. அட்கின்சன், ஸ்மித் என்னும் இருவர் 1983-இல் பல கடற்பாசிகளின் உடற்கூற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் அணுக்களின் எண்ணிக்கையில் 550:30:1 என்ற விகிதத்தில் இருப்பதைக் கண்டார்கள். அதை எடைக்கு மாற்றினால், ஒரு பங்கு பாஸ்பேட்டை உண்ணும் பாசி ஏறக்குறைய இருபது பங்கு நைட்ரேட்டை உண்கிறது. நைட்ரேட் தீர்ந்தபின் பாஸ்பேட் மட்டும் நீரில் தங்கி ஏறுகிறது. அதைக் கண்டு பாஸ்பேட் உறிஞ்சியைப் போடுகிறோம், தேவைப்பட்டதோ நைட்ரேட்.

நைட்ரேட்டுக்குப் பொட்டாசியம் நைட்ரேட் எளிது. 16.3 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டை ஆர்.ஓ. நீரில் கரைத்து மொத்தம் 1 லிட்டராக்கினால், ஒவ்வொரு மில்லி லிட்டரிலும் 10 மில்லி கிராம் நைட்ரேட் இருக்கும். அதில் 4 மி.லி. ஊற்றினால் 40 லிட்டர் நீரில் நைட்ரேட் 1 பி.பி.எம். உயரும். அதோடு சேரும் பொட்டாசியம் 0.6 பி.பி.எம். அளவுதான், கடல்நீரில் இயல்பாகவே 400 பி.பி.எம். அளவில் பொட்டாசியம் இருப்பதால் அது பொருட்டன்று. ஒரு நாளில் 2 பி.பி.எம்.முக்கு மேல் உயர்த்த வேண்டாம். பாஸ்பேட் உண்மையாகவே பூஜ்யமாக இருந்தால் மட்டும், 1.43 கிராம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்டை அதேபோல் 1 லிட்டர் கரைசலாக்கிக்கொள்ள வேண்டும். அதில் 1 மி.லி., 40 லிட்டரில் 0.025 பி.பி.எம். உயர்த்தும்.

இந்த இரண்டு உப்புகளும் நம் ஊர் உரக்கடைகளில் சொட்டுநீர்ப் பாசனத்துக்கான 13:0:45, 0:52:34 என்ற உரங்களாகக் கிடைக்கின்றன. ஆய்வகத் தரத்தில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். உரமாக வாங்கினால் வேறு நுண்ணூட்டம் எதுவும் கலக்காததா என்று பையின்மேல் படித்துப் பாருங்கள். பயிர்களுக்கான நுண்ணூட்டக் கலவையை ஒருபோதும் கடல்நீர்த் தொட்டியில் ஊற்றக்கூடாது. அதில் செம்பு இருக்கும். இறாலும் நத்தையும் மென்பவளமும் அதைத் தாங்கா. இரும்பும் அயோடினும் பாசிக்குத் தேவைதான் என்றாலும், கடல்நீர்த் தொட்டிக்கென விற்கும் கரைசலில் குறிப்பிட்ட அளவில் பாதியைக் கொடுத்துப் பார்ப்பது போதும். 40 லிட்டர் தொட்டியில் வாரம் 10 சதவீத நீர்மாற்றம் செய்பவருக்கு அதுகூடப் பல சமயம் வேண்டியிருக்காது.

எவ்வளவு ஒளி, என்ன நிறத்தில்?

பி.ஏ.ஆர்., அதாவது ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவில் ஹாலிமீனியாவுக்கும் போட்ரியோகிளேடியாவுக்கும் 50 முதல் 100 வரை, கிராசிலேரியாவுக்கு 150 வரை, நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம். பவளத்துக்கென வாங்கிய எல்.இ.டி. விளக்கை முழு வலிமையில் எரிப்பது இவற்றுக்கு மிகை. நிறத்தைப் பொறுத்தவரை, நீல விளக்கின் கீழ் செம்பாசி நன்றாகவே வளரும். ஆனால் சிவப்பு ஒளி இல்லாததால் நம் கண்ணுக்குக் கரும்பழுப்பாகத் தெரியும். பார்வைக்குச் சிவப்பாக வேண்டுமென்றால் வெள்ளை ஒளியும் சிறிது சிவப்பும் கலந்திருக்க வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் என்ன செய்வது?

தமிழ்நாட்டில் செம்பாசி வளர்ப்பவருக்குப் பசிக்கு அடுத்த பெரிய இடர் வெப்பம்தான். 24 முதல் 27 பாகை செல்சியஸ் என்பது வசதியான நிலை. 29-ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் ஹாலிமீனியா கரையத் தொடங்கும். அறை 33 பாகையில் இருக்கும்போது சிறிய தொட்டி அதைவிட ஓரிரு பாகை கூடுதலாகவே இருக்கும், ஏனெனில் பம்பும் விளக்கும் சூட்டைச் சேர்க்கின்றன. நீர்ப்பரப்பின்மேல் காற்று படும்படி ஒரு சிறு மின்விசிறி வைத்தால் ஆவியாதலால் 2 முதல் 3 பாகை குறையும். கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் இந்தப் பயன் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அன்று. ஆகவே குறையும் அளவை அன்றாடம் ஆர்.ஓ. நீரால் ஈடுசெய்யாவிட்டால் 40 லிட்டர் தொட்டியின் உப்புத்தன்மை சில நாட்களில் பாசியைத் தாக்கும் அளவுக்கு ஏறிவிடும்.

விளக்கு எரியும் நேரத்தை இரவுக்கு மாற்றுவது, செலவில்லாமல் பெரும்பயன் தரும் வழி. மாலை 6 மணிக்கு ஏற்றி அதிகாலை 3 மணிக்கு அணைத்தால், விளக்கின் சூடும் பகலின் சூடும் ஒன்றுசேர்வதில்லை. இத்தனை செய்தும் 30 பாகைக்குக் கீழ் இறங்காத வீட்டில், நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கும்வரை ஹாலிமீனியாவை விட்டுவிட்டுக் கிராசிலேரியாவோடு நின்றுகொள்வது நல்லது.

மற்ற நீர்நிலை அளவுகள்?

உப்புத்தன்மை 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது அடர்த்தி எண் 1.025 அல்லது 1.026. காரத்தன்மை 7 முதல் 10 டி.கே.எச். (கார்பனேட் கடினத்தன்மையின் அலகு); பாசி பகலில் நீரிலுள்ள கரியமில வாயுவையும் பைகார்பனேட்டையும் எடுத்துக்கொள்வதால் பி.எச். மாலையில் உயர்ந்து விடியற்காலையில் தாழ்வது இயல்பு. நீர் ஆர்.ஓ. வடிகட்டி, மிஞ்சிய அயனிகளை நீக்கும் டி.ஐ. வடிகட்டி இரண்டும் கடந்ததாக இருக்கட்டும்.

பாசியை எப்படி நிலைநிறுத்துவது? நீரோட்டம் எவ்வளவு?

அடிப்பிடியுள்ள துண்டு என்றால் அதைச் சிறு கல்லோடு நைலான் நூலால் தளர்வாகக் கட்டலாம், அல்லது ஜெல் வகைச் சூப்பர் க்ளூவை ஒரு பொட்டு வைத்து ஒட்டலாம். இறுக்கிக் கட்டினால் அந்த இடம் அழுகும். நீரோட்டம் இலைகளைத் தொடர்ந்து அசைக்கும் அளவுக்கு இருக்க வேண்டும்; அடித்து மடக்கக்கூடாது. பாசியின் மேற்பரப்பை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தைக் கலைத்தால்தான் ஊட்டம் உள்ளே போகும். மேலும், ஓட்டமில்லாத மூலையில் உள்ள பாசியின்மேல் தூசி படிந்து, அதன்மேல் வேறு பாசி முளைக்கும்.

செம்பாசியின்மேல் பச்சை முடிப்பாசி ஏறிவிட்டது. மருந்து உண்டா?

மருந்தைவிடக் கத்தரிக்கோல் நல்லது. மூடப்பட்ட கிளைகளை வெட்டி எறிந்து, தூய நுனிகளை மட்டும் வேறு கல்லில் கட்டுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடில் முக்குவது முடிப்பாசிக்கு முன்பே செம்பாசியைக் கொன்றுவிடக்கூடும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. செரித் நத்தைகளும் பாசிமேல் ஓடித்திரியும் நுண்ணிறால்களும் இந்தத் துப்புரவை நாள்தோறும் செய்கின்றன. நுண்ணிறால்களைக் கண்டு, பாசியைத் தின்கின்றனவோ என்று அஞ்சுபவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் மேய்வது மேலே படிந்ததைத்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, புதிதாக வாங்கிய பாசியை இரண்டு மூன்று வாரம் தனி வாளியில், விளக்கும் காற்றோட்டமும் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு தொட்டியில் சேர்த்தால் முடிப்பாசி, குமிழிப்பாசி, ஐப்டேசியா என்னும் தொல்லைதரும் கடல் அனிமோன் ஆகிய மூன்றும் வருவதைப் பெரிதும் தவிர்க்கலாம்.

எந்த மீன்களோடு வைக்கலாம்?

கோமாளி மீன், சிறு கோபிகள், ஃபயர்ஃபிஷ் ஆகியவை பாசியைத் தொடுவதில்லை. டேங் வகைகளும் ஓராமீனும் பாசி தின்பவை. சிறிய தொட்டியில் அவற்றுக்கு எப்படியும் இடமில்லை. லான்மோவர் பிளென்னி, எமரால்டு நண்டு, கடல்முள்ளெலி ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும்.

பவளங்களுக்குத் தீங்கு வருமா?

தொட்டால் வரலாம். ஃபிஜியிலும் பனாமாவிலும் செய்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், அங்கே பரவலாக உள்ள கடற்பாசி இனங்களில் 40 முதல் 70 சதவீதம் நேரடியாகத் தொட்டபோது பவளத் திசுவை வெளுக்கவோ சாகவோ செய்தன. ஆகவே பாசியின் மிக நீண்ட கிளைக்கும் பவளத்துக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி விட்டுக் கத்தரித்து வாருங்கள். நீரில் கரையும் பொருட்களுக்கு ஒரு சிறு பை ஆக்டிவேட்டட் கார்பன் போதும்.

பெருக்குவது எப்படி? கௌலெர்ப்பாவைப் போல் ஒரே இரவில் கரைந்து நீரைக் கெடுக்குமா?

கௌலெர்ப்பா பச்சைப்பாசி, அது வித்து விடும்போது உடல் முழுவதையும் காலிசெய்துவிடுகிறது. செம்பாசிகள் அப்படிச் செய்வதில்லை. தொட்டியில் அவற்றைப் பெருக்க வெட்டித் துண்டாக்குவதே வழி. சுண்டுவிரல் நீளத்து நுனி போதும். வித்து வழியே பெருக்குவது வீட்டில் கடினம், ஏனெனில் பெரும்பாலான செம்பாசிகளின் வாழ்க்கைச் சுழற்சி மூன்று கட்டங்களைக் கொண்டது; சிலவற்றில் ஒரு கட்டம் மற்றொன்றின் சாயலே இல்லாமல் இருக்கும். ஜப்பானியர் உண்ணும் நோரி எங்கே கோடையைக் கழிக்கிறது என்று யாருக்கும் தெரியாதிருந்தது. சிப்பி ஓட்டுக்குள் வாழும் இளஞ்சிவப்பு இழையும் அதே செடிதான் என்று இங்கிலாந்தின் கேத்லீன் ட்ரூ 1949-இல் கண்டறிந்த பின்னரே அதன் சாகுபடி உறுதிப்பட்டது. ஜப்பானின் ஊட்டோ நகரில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். ஒரு பாசியின் வாழ்வைப் பொறுமையாகப் பார்த்தவருக்குக் கிடைத்த அந்த நன்றியை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

இராமேஸ்வரம் பக்கம் கரையில் கிடைக்கும் பாசியை எடுத்துவந்து வளர்க்கலாமா?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அதற்குள் எதையும் எடுக்கக்கூடாது. பாறைப்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கரையொதுங்கிய பவளக் கல்லும் அதில் அடங்கும் என்றே கொண்டு, தொட்டிக்குச் செயற்கைப் பாறையைப் பயன்படுத்துங்கள். பாம்பன், மண்டபம் பகுதியில் பாசி எடுப்பது பல மீனவப் பெண்களின் வாழ்வாதாரம். அவர்கள் கஞ்சிப்பாசி என்று அழைப்பது கிராசிலேரியா எடுலிஸ். நம் சூட்டுக்கும் உப்புக்கும் பழகிய அந்த இனம் தொட்டியில் நன்றாகவே வளரும். முறையாகச் சாகுபடி செய்பவரிடமிருந்து ஒரு கைப்பிடி வாங்குங்கள். அதுவே ஓராண்டில் தொட்டிக்கு வேண்டியதைவிட மிகுதியாகிவிடும்.

வெட்டி எடுத்த மிகுதியை என்ன செய்வது?

மற்றொரு வளர்ப்பவருக்குக் கொடுக்கலாம். நன்னீரில் அலசி உலர்த்திச் செடிகளுக்கு உரமாகவும் இடலாம். கடலிலோ, கழிமுகத்திலோ, கடலோடு சேரும் வாய்க்காலிலோ ஒரு துண்டைக்கூடப் போடாதீர்கள். கப்பாஃபைகஸ் அல்வரேசியை என்னும் அயல்நாட்டுச் செம்பாசி வணிகத்துக்காக மண்டபம் பகுதியில் வளர்க்கப்பட்டது; அது குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள்மேல் படர்ந்து அவற்றை மூடியிருப்பதை ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். இந்தப் பாசிகளுக்குப் பரவ வித்து வேண்டியதில்லை. ஒடிந்த துண்டே போதும். நான் வெட்டிய துண்டுகளை ஒரு வாளி நன்னீரில் ஓர் இரவு ஊறவைக்கிறேன். காலையில் நீர் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் செல்கள் இறந்துவிட்டன என்று அறிந்து, அதன்பிறகே அவற்றை மொட்டைமாடியில் வெயிலில் பரப்புகிறேன்.